நத்தையும் என் வீட்டுச் சண்டையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். சாலைப் பள்ளங்களைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரையை, இடமில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினீர்கள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆனால் பள்ளத்துக்கு இடமில்லாத அதே பத்திரிகையில், ஒரு கிழவர் ஜன்னல் வழியாக மழை பார்ப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுத 'நத்தை' என்ற புனைபெயர்க்காரருக்கு இடம் இருக்கிறதே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

இந்த நத்தை வாராவாரம் ஏதோ ஓர் ஆசிய நாட்டுப் படத்தைச் சிபாரிசு செய்கிறார். பெரிய கம்பெனிப் படமல்ல, நாலு நண்பர்கள் கையில் இருந்ததைப் போட்டு எடுத்த படம். அதில் யாரும் யாரையும் துரத்துவதில்லை, அடிப்பதில்லை. ஒரு பெண் காய் நறுக்குகிறாள், நறுக்கி முடிக்கும்வரை நாமும் கூடவே இருக்க வேண்டும். பத்தியின் அடியில், இப்படி நிதானமாக வாழ்ந்து பாருங்கள் என்று ஓர் உபதேசம். என் மனைவி பார்த்தாள். வாழவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஐயா, எங்களுடையது சண்டையில் ஓடிக்கொண்டிருந்த வீடு. மின்விசிறியின் வேகம், ஈரத்துண்டை எங்கே போடுவது, அவள் தம்பி கல்யாணத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது என்று விஷயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இப்போது நான் தம்பி கல்யாணத்தை எடுத்தால் அவள் பேசாமல் என்னைப் பார்க்கிறாள். அந்தப் படங்களில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "ஏதாவது பேசேன்" என்றால், "கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன். அவசரமில்ல, நிதானமா கோவப்படுங்க" என்கிறாள். நிதானமாக எப்படி ஐயா கோபப்படுவது? கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஒரு தட்டைக் கழுவினால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசிக்கிறாள். என் சாப்பாட்டு டப்பாவை அவள் மூடுவதற்குள் பஸ் போய்விடுகிறது. எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேலாளர், "ஏன் சார் தினமும் லேட்டு?" என்று கேட்டார். வீட்டில் நிதானமாக வாழ்கிறோம் என்றேன். "தாராளமா வாழுங்க சார். ஆபீஸ்ல மட்டும் கொஞ்சம் அவசரமா வாழுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் படத்தை ஓடவிட்டுக் குளிக்கப் போயிருந்தபோது டிவியைப் பார்த்தேன். ஒரு வாசல், ஒரு பெஞ்சு, அதில் ஒரு பெண். அசைவே இல்லை. ரிமோட்டைத் தட்டினேன், டிவியைத் தட்டினேன், கடைசியில் கீழ்க்கடை மெக்கானிக்கையே கூப்பிட்டேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "படம் அப்படியே நின்னு போச்சு சார், போர்டு அவுட்டு" என்று சொல்லி டிவியின் முதுகைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு, "யம்மா! சார், உள்ள ஆளு இருக்கு!" என்று மனிதர் பின்னால் பாய்ந்தார். ஈரத்தலையோடு வந்த என் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "உக்காருங்கண்ணே, நல்ல இடம் இப்பத்தான் வருது" என்று அவரை உட்கார வைத்தாள். அவரும் கடைசிவரை பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழற்றியதை மாட்டாமலே போய்விட்டார். எங்கள் டிவி இன்றைக்கும் முதுகு இல்லாமல்தான் ஓடுகிறது.

ஆகவே நத்தையை உடனே நிறுத்துங்கள். என் வீட்டுச் சண்டையை எனக்குத் திருப்பித் தாருங்கள். இப்படியே போனால் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே கிழடாகிவிடுவோம்.

தங்கள் இல்லம் சத்தத்தோடும் சௌக்கியத்தோடும் நீடூழி வாழ வாழ்த்தும்,
நெடுநாள் வாசகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், வேறு வேலை இல்லாத காரணத்தால் மட்டும், நத்தை சொன்ன இன்னொரு படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் ஒரு வயதான அம்மாள் இரண்டு கோப்பையில் டீ ஊற்றி வைத்துவிட்டு, எதிரே இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. "பாவம், புருஷன் செத்துட்டாரு" என்றாள் என் மனைவி. என்னால் விட முடியவில்லை. "சாகல. உள் ரூம்ல கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். அந்த மாதிரி ஆளுங்கள எனக்குத் தெரியும். ஒரு வார்த்த கூப்பிட்டா வந்துருவான்" என்றேன். "எத்தன வருஷங்க கூப்பிடுவா அவ? செத்தாலும் கோவிச்சுக்கிட்டாலும் டீ ஆறித்தானே போகுது!" என்று கத்தினாள். கத்தினாள் ஐயா! பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அப்போது ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை, நடுநடுவே அவள் டீக்குக் கூப்பிட்டால் மட்டும் உடனே போய்விடுகிறேன். ஆகையால் நத்தையை நிறுத்த வேண்டாம். அந்தப் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று அடுத்த பத்தியில் அவர் தீர்த்துச் சொன்னால் போதும், இருக்கிறான் என்று சொன்னால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன். பெயரைப் போட்டால் தீர்ப்புக் கேட்டு எழுதியவன் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், நான் அடித்துச் சொன்னது எனக்கே நிச்சயமில்லை என்று ஆகிவிடும். எனவே கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.