ரிட்டர்ன் அண்ணனும் ஆப் ஸ்டோரும்

ஆப் ஸ்டோரில் எடுத்த பொருளை, வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மூக்கண்டப்பள்ளியில் அவர் என் அறைத்தோழர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘ரிட்டர்ன்’ அண்ணன்.

கம்பெனியில் டூல் கிரிப், அதாவது கருவிகள் வைக்கும் அறை, அவர் பொறுப்பு. கம்பி ஜன்னலில் டோக்கனைக் கொடுத்து ஸ்பேனர் வாங்க வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள் ஸ்பேனரைக் கொடுத்து டோக்கனை மீட்க வேண்டும். மறதியாக ஆலன் கீயோடு கிளம்பிய பிளான்ட் மேனேஜரின் காரையே கேட்டில் மறித்தவர். “சார், உள்ள ஒருத்தன் அது இல்லாம கையப் பிசைஞ்சிக்கினு நிக்கறான்” என்றாராம். மேனேஜர் இறங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அப்படிப்பட்டவர் கையில் ஸ்மார்ட்போன் வந்தது. பஸ் டிக்கெட் போட ஒரு ஆப் இறக்குவார்; டிக்கெட் வந்ததும் அதைப் போனிலிருந்து தூக்கிவிடுவார். சினிமா ஆப்பில் படத்தை இறக்கி இடைவேளைவரை பார்ப்பார். ஷிப்டுக்கு நேரமானால் ஆப்போடு படமும் போய்விடும். வில்லன் யாரென்று தெரியாமலே அவர் பார்த்து முடித்த படங்கள் ஏராளம். ஒரே லாபம், எப்போதும் புதிதாக இறக்குவதால் அவர் போன் ஒருநாளும் அப்டேட் கேட்டதில்லை.

“ஏண்ணே இப்படி அழிக்கிறீக?” என்று கேட்டேன். நான் விருதுநகர்ப் பக்கம்.

“அழிக்கலப்பா, ரிட்டர்ன் பண்றேன். வேற எவனுக்காச்சும் அவசரமா வேணும்னா அவன் என்னா பண்ணுவான்?”

“நமக்கு வாரது நகல்தாண்ணே. கோடிப் பேரு எடுத்தாலும் அங்க இருக்கிறது அப்படியே இருக்கும்.”

“கோடிப் பேரு எடுத்தும் ஸ்டாக் கொறையலன்னா, கணக்குல திருட்டுத்தனம் இருக்குதுன்னு அர்த்தம். எனக்கே ஸ்டாக் பத்திச் சொல்ல வந்துட்டான்!”

“ஒரு பாட்டை நான் பாடினா, உங்க வாயில அந்தப் பாட்டு குறைஞ்சுருமா?”

கொஞ்சம் யோசித்தார். “நீ பாடினா எனக்கு அந்தப் பாட்டே வேணாம்னு ஆயிடும்” என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெகுகாலம் தள்ளிப்போன அவர் கல்யாணம் ஒருவழியாகப் பாரூரில் கூடி வந்தது. கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். பெண் பெயர் சத்யா. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் ஷேவ் செய்யாமல் டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. டீ பிரேக்கில் மெசேஜ் ஆப்பை இறக்குவார், ஓடிபி போடுவார், ‘சாப்டீங்களா’ என்று அனுப்புவார். பதில் வருவதற்குள் பிரேக் முடிந்துவிடும். ஆப்பும் ரிட்டர்ன் ஆகிவிடும். அந்தப் பெண் எழுதியதெல்லாம், பிளாக் செய்ததுபோல, ஒற்றை டிக்கோடு நின்றது.

ஒருநாள் பெண்ணின் அப்பா போன் செய்தார். “என் பொண்ண தெனமும் பிளாக் பண்றதும் எடுக்கறதுமா இருக்கறீங்க. புடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. நிச்சயதார்த்தமே வேணாம்.”

அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. “தம்பி, நான் ஒழுங்காதான திருப்பிக் குடுத்தேன்?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து இருவரும் பாரூர் போனோம். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, டோக்கனில் தொடங்கி மேனேஜர் கார்வரை எல்லாவற்றையும் விளக்கினார். பெண்ணின் அப்பா, ‘ஆளு சரியாத்தான் இருக்காரா?’ என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அப்பாவின் பின்னால் நின்ற சத்யா கேட்டாள்: “வேலை முடிஞ்சா எல்லாத்தயும் திருப்பிக் குடுத்துடுவீங்களா?”

“ஆமாங்க.” குரல் கணீரென்று வந்தது.

“அப்ப என்னயும் கட்டிக்கினு போயி, எங்கப்பாகிட்ட ரிட்டர்ன் பண்ணிடுவீங்களா?”

அண்ணனுக்கு வியர்த்துக்கொட்டியது. “உங்கள ரிட்டர்ன் பண்ற மாதிரி ஆச்சின்னா, நானும் கூடவே வந்து இங்கியே இருந்துடுவேங்க!”

சத்யா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அதுக்கெல்லாம் இங்க எடமில்ல மாப்ள” என்றார். அந்த ‘மாப்ள’வைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஏதோ அனுப்பினார். உடனே பதில் வந்தது. பழக்கதோஷத்தில் விரல், அழிப்பதற்காக ஆப்பின் மேல் போய் அழுத்தியது. பிறகு விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“இத மட்டும் நானே வச்சிக்கினா தப்பில்லியேப்பா?”

“வச்சுக்கோங்கண்ணே” என்றேன். முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று அந்த நேரத்திலும் அவருக்குக் கவலை. அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.