நான் முன்னேறத் தொடங்கியதால் வந்த வினை

நூம்பல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பேரன்புக்குரிய மச்சான் ஜமீர் அவர்களுக்கு, உன் அக்காள் கணவன் பஷீருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா நசீம் பானுவும் உடம்பளவில் சுகம். ஆற்காட்டில் நீயும் தங்கச்சி ரைஹானாவும் பிள்ளைகளும், புதிதாக மாடியில் போட்ட ஷீட்டும், இந்தக் காற்று மழையில் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனதளவில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நம் வீட்டில் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால், அதை எனக்குப் போட்டுக் கொடுத்ததே உன் அக்காதான். நான் படிப்பதற்கு முன்பே அவள் படித்துவிடுகிறாள். விஷயமோ அவளைப் பற்றியது. அதனால் பூந்தமல்லி தபால் ஆபீசில் கவர் வாங்கி வைத்திருந்து, அவள் மாவு மில்லுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனேன் என்பது உனக்குத் தெரியும். மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் நேரமே பார்க்கத் தேவையில்லாதவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று எனக்கு அன்றைக்கே புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் கோட்டு போட்ட ஒரு ஆள் வந்து, "நேற்றைய உங்களைவிட இன்றைய நீங்கள் மேலானவரா?" என்று விரலை நீட்டிக் கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். நேற்று சாப்பிட்டேன், தூங்கினேன். இன்றைக்கும் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. முன்னேற வேண்டுமானால் விடியலுக்கு முன் எழ வேண்டும் என்றான். நான்தான் வாழ்நாள் முழுக்க ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்துகொண்டிருக்கிறேனே, அப்படியானால் ஏற்கெனவே முன்னேறியிருக்க வேண்டுமே என்று குழம்பி, சரி, நமக்கு இன்னும் முன்னதாக என்று வைத்துக்கொண்டு எழ ஆரம்பித்தேன். எழுந்த பிறகு என்ன செய்வதென்று அந்த ஆள் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் பலன், பள்ளிவாசலில் தொழுகை முடிந்து உட்கார்ந்தபடியே பக்கத்திலிருந்த ஜாகிர் பாய் தோளில் சாய்ந்து குறட்டை விட்டேன்.

"இன்னா பாய், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று அவர் உலுக்கினார்.

"இல்ல பாய், முன்னேறிக்கினு கீறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

அடுத்து அந்தக் கோட்டுக்காரன், புதிதாக ஏதாவது கற்றுக்கொள் என்றான். வேலப்பன்சாவடியில் பேக்கரிக்கு மேல் மாடியில் தீபிகா என்ற பெண் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். கல்யாணமாகிப் போன நம் பெண் ஷாகிதா வயதுதான் இருக்கும். "வாங்க அங்கிள்" என்று சேர்த்துக்கொண்டாள். படிப்பது என்று ஆன பின் முறையாகப் படிக்க வேண்டும் அல்லவா? படிக்கும் பழக்கங்கள் பற்றிப் போனில் பார்த்து, கலர் கலராக ஒட்டும் தாள்களும் பேனாக்களும் வாங்கி வந்து, பாடத்தையெல்லாம் எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். அடுப்புக்கு மேல் 'கன்ட்ரோல் இசட் அடித்தால் செய்தது செய்யாததாகும்', ஃப்ரிட்ஜில் 'முதலில் தேர்ந்தெடு, பிறகு நகர்த்து', பாத்ரூம் கதவில் 'மறக்காமல் சேவ் செய்தாயா?'. குழாய் ரிப்பேருக்கு வந்த வேம்புலி அந்தக் கதவு முன்னாலேயே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இப்டி எய்தி வெச்சிக்கீறே? தண்ணிய சேவ் பண்ணணுமா? டேங்க்ல நெறயத்தான கீது?"

அவருக்குக் கம்ப்யூட்டரை விளக்கப் போய், குழாய் ஒழுகுவதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அது இன்னும் ஒழுகுகிறது. மச்சான், எந்தப் பாடத்துக்கு எந்தக் கலர் என்று தீர்மானிப்பதிலேயே எனக்குப் பொழுது போயிற்று. ஒட்டியதையெல்லாம் நின்று படித்தது, சோறு வடித்துக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருந்த உன் அக்காதான். இதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒருநாள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. நனைய வேண்டாம் ஆன்ட்டி என்று தீபிகா அவளைக் காலியாக இருந்த ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். மறுநாள் நான் கிளம்பும்போது, "நானும் வரேங்க. ஊட்ல ஒண்டியா உக்காந்துகினு இன்னா பண்ணப் போறேன்?" என்றாள். சரி, கண்ணாடி மறக்காமல் இருக்க ஆள் ஆயிற்று என்று நானும் சம்மதித்தேன். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு அதிகமாகிறது என்று தீபிகா அவளை அந்தக் கோடியில் உட்கார்த்தினாள். நான் இந்தக் கோடியில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏ, பி, சி வரிசையாக வைக்காமல் அந்தப் பலகையில் எதற்காகக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்? என் ஸ்டோர்ஸில் நான் இப்படிச் சாமான் அடுக்கியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். அந்தக் கோடியிலிருந்து அடிக்கடி "சூப்பர் ஆன்ட்டி" என்று சத்தம் வரும். வயதில் பெரியவர்களை மதிக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டேன். உன் அக்காவைவிட வயதில் பெரியவன் நான். என்னை ஏன் ஒருநாளும் சூப்பர் என்று சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இனிமேல்தான் கஷ்டமான இடம். போன சனிக்கிழமை, "மெஷினெல்லாம் ஸ்லோவாயிடுச்சு, கண்ட ஃபைலும் சேந்து கெடக்குது, ஒருநாள் க்ளீன் பண்ணணும்" என்று தீபிகா தனக்குத்தானே சொல்லிவிட்டுக் கீழே டீ வாங்கப் போனாள். சாமான் ஒழுங்காக அடுக்குவது என் தொழில். கேட்டதும் கை துறுதுறுத்தது. திரை முழுக்க ஃபோல்டர்கள் தாறுமாறாகக் கிடந்தன. மூலையில் 'ரீசைக்கிள் பின்' என்று ஒன்று இருந்தது. மச்சான், நீ ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் இல்லை, உனக்கு நான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பின் என்றால் ராக்கில் சாமானைப் பத்திரமாக வைக்கிற அறை. ஒவ்வொரு பின்னுக்கும் நம்பர் உண்டு, கார்டு உண்டு. ரீசைக்கிள் என்றால் மறுபடி உபயோகிப்பது. ஆக, மறுபடி உபயோகிக்க வேண்டிய சாமானைப் பத்திரமாக வைக்கிற இடம் என்று எவனுக்குத்தான் தோன்றாது? எல்லா ஃபோல்டரையும் ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே வைத்தேன். திரை கண்ணாடி மாதிரி சுத்தமாயிற்று. பிறகு அதன் மேலேயே ஏதோ அழுத்தியபோது, இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. அதில் 'பெர்மனென்ட்' என்ற வார்த்தை மட்டும் என் கண்ணில் பட்டது. ஜமீர், தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆவதற்காக சூப்பர்வைசர் வீட்டு வாசலில் தவம் கிடந்தவன் நான். அந்த வார்த்தையைப் பார்த்து வேண்டாம் என்று அழுத்த என் விரல் வருமா? ஆமாம் என்று அழுத்தினேன்.

சாயங்காலம் சரண் வந்தான். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற பையன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அந்த மெஷினில்தான் அடித்துக்கொண்டிருந்தான்.

"பாய், இங்க என் ஃபோல்டர் ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"பத்திரமா பின்ல வெச்சிக்கீறேன் தம்பி. பெர்மனென்ட்டாவே பண்ணிட்டேன்."

அந்தப் பிள்ளையின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. தீபிகா வந்து என்னென்னவோ செய்து பார்த்தாள், வரவில்லை. சரண் போய் மாடிப்படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். திங்கட்கிழமை காலையில் கொடுக்காவிட்டால் இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாதாம். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நானும் போய்ப் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அக்காதான் வந்து கேட்டாள்.

"கண்ணு, பேப்பர்ல எதனா கீதா? பிரிண்ட் கிண்ட் எடுத்தியா?"

"ஒண்ணு எடுத்தேன் ஆன்ட்டி. காலேஜ் சாரு ரெட் இங்க்ல திருத்திக் குடுத்தாரு. ஊட்ல கீது. அத்த வெச்சிகினு இன்னா பண்றது? நான் தடவித் தடவி அடிச்சி முடிக்க ஒரு மாசம் ஆவும்."

"காலைல எடுத்துகினு வா. பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை தீபிகா எங்களுக்காகக் கதவைத் திறந்தாள். சரண் அடிக்க உட்கார்ந்தான். நான் தாளைக் கையில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற உன் அக்கா, "தள்ளு கண்ணு" என்று அவனை எழுப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "ம், படிங்க" என்றாள். படித்தேன். மச்சான், பத்து விரலும் ஓடின. பலகையை அவள் பார்க்கவே இல்லை. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டு என் வாயைப் பார்க்கிறாள். எனக்கு நாக்கு குழறியது. தீபிகா கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றாள்.

"இன்னா நசீம் இது? எங்க கத்துகினே?" என்றேன்.

"டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவ நானு. நிக்காஹ்க்கு முந்தி, குமணன்சாவடில."

"என்னாண்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே. படிங்க, நேரமாவுது."

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு ரிப்போர்ட் முடிந்தது. சரண் குனிந்து அவள் காலைத் தொடப் போக, அவள் பதறி விலகினாள். திங்கட்கிழமை அவன் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்கு அன்றிலிருந்து தலை சுற்றுகிறது. அவள் டைப்ரைட்டிங் கற்கப் போகும்போது துணைக்கு நீதான் போவாயாமே? வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாயாமே? பெண் பார்க்க நாங்கள் வந்தபோது நீ இதைச் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? பிரியாணி செய்வாள், பூ வேலை செய்வாள் என்று சொன்ன உங்கள் வீட்டில் ஒருத்தருக்குமா இது ஞாபகம் வரவில்லை? முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறேன். இன்னும் இவளுக்கு என்னென்ன தெரியுமோ என்று சமையல்கட்டை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை தீபிகா, "ஆன்ட்டி, சாயங்காலம் லேடீஸ் பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கிறேன். டைப்பிங் நீங்க சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். உன் அக்கா என்னைப் பார்த்தாள். சரண் என்னைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். என் வாயிலிருந்து "பாக்கலாம்" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். டீ வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வரவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. "கோவமா நசீம்?" என்று கேட்டால், "சும்மா இருங்க, மறந்துடுது" என்கிறாள். எது மறக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜமீர், முன்னேற வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். விடியலில் எழுந்தவன் நான். கலர்த் தாள் வாங்கியவன் நான். வேலை கிடைத்தது அவளுக்கு. அவள் சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டால் அந்தச் சுவர்க் கடிகாரமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, தம்பி என்ற முறையில், "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்" என்று பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டால் என் பெயர் உன் வாயில் வரக்கூடாது.

தங்கச்சி ரைஹானாவுக்கு என் ஸலாம். பிள்ளைகள் நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் பெற்று, யாருடைய ஃபோல்டரையும் தொடாமல் வாழ என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பஷீருதீன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. மில்லில் கரன்ட் இல்லை என்று உன் அக்கா பாதியில் திரும்பி வந்துவிட்டாள். கடிதத்தைப் பேப்பருக்கு அடியில் தள்ளினேன். அவள் வந்து பேப்பரைத்தான் எடுத்தாள். அடியில் கிடந்த கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். பெர்மனென்ட் என்ற இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மடித்து என் கையில் கொடுத்து, "தம்பிய வரச் சொல்லுங்க. ஆனா சாயங்காலம் நான் ஊட்ல இருக்க மாட்டேன். நேத்தே தீபிகாவாண்ட சரின்னு சொல்லிட்டேன். மொத நாளு இன்னா பேசறதுன்னு மூணு நாளா மனப்பாடம் பண்ணிகினு கீறேன், நீங்க வேற நடுவுல கோவமா கோவமான்னு" என்றாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"நீங்க பாக்கலாம்னு சொன்னீங்க. நான் பாத்துட்டேன்."

கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. நின்று பார்த்தேன், வரவில்லை. என் வாயில் வந்தது வேறு. "லோயர்ல இன்னா கிளாஸ் வாங்கினே நசீம்?" என்று கேட்டேன். அவள் மில்லிலிருந்து அரைக்காமல் வந்த அரிசி டின்னை இழுத்துப் போட்டாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். அரிசி டின் மேலேயே உட்கார்ந்து பொழுது இறங்கி மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்தக் கதையை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது.

ஆகவே புத்தி சொல்ல வராதே, சும்மா வா. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு. சாயங்காலச் சமையல் என் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. இன்றைக்கே சோதனைக்கு ஒரு முறை செய்து பார்த்தேன். நீ வரும்போது ஆற்காட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வா.