குழம்பாகிப் போன சாம்பிள்

மாமியார் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் எந்த அரசு அதிகாரியும் வெறும் மாப்பிள்ளைதான். கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. (தெரிந்ததெல்லாம் கால்நடை மருத்துவம். அதுவும் சந்தேகம்தான்.)

நாமகிரிப்பேட்டைப் பக்கம் நாலைந்து காக்கைகள் செத்து விழுந்திருந்தன. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று, சுற்றுவட்டாரத்து வீட்டுக் கோழிகளின் தொண்டையில் குச்சி விட்டுச் சாம்பிள் எடுக்க என்னை அனுப்பினார்கள். பண்ணைகளுக்குப் பரவினால் மாவட்டமே படுத்துவிடும், மனிதருக்குத் தாவினால் உலகமே படுத்துவிடும் என்று வீடு வீடாகப் பிரசங்கம் செய்துவிட்டு, மாமியார் வீட்டுக்கும் போனேன்.

"மொதல்ல சாப்புடுங்க மாப்பிள்ளை. வேலை எங்கீங்க ஓடிப் போவுது?" என்றார் அத்தை.

இலை நிறையக் கோழிக் குழம்பு. எலும்பைக்கூட விட்டுவைக்காமல் முடித்து, பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கேட்டேன்.

"அத்தை, எந்தக் கோழியாவது சோந்து நிக்குதுங்களா?"

"ஒண்ணு காலையிலிருந்து தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னுச்சுங்க. நீங்களும் வாரீங்க, அது செத்துப் போனா வீணுதானேன்னு அறுத்துட்டனுங்க."

உடையோடு பின்பக்கம் ஓடி, தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தேன். எங்கள் துறையின் மூத்த மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"வெந்த கறியால உனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. உரிச்சது யாரு?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இறகு பிடுங்கிய அதே வெறுங்கையால் அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் இருமினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"மொளகா நெடிங்க சாமி. ஏன் இப்படி முழிக்கறீங்க?"

மீதிக் கோழிகளிடம் நான் சாம்பிள் எடுத்தேன். சுகாதாரத் துறையினர் வந்து எங்கள் இருவரிடமும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவர் ஓர் அறை, நான் ஓர் அறை.

"அத்தை, காய்ச்சல் அடிக்குதுங்களா?" என்று சுவரைத் தட்டுவேன்.

"பசிக்குதுங்களா மாப்பிள்ளை?" என்று பதில் வரும்.

கோழிகளுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று தகவல் வந்ததும் அழுதுவிட்டேன். (அத்தை அழவில்லை. குழம்பு வீணாகிவிட்டதே என்றுதான் வருத்தப்பட்டார்.)

இப்போதும் நான் போகும்போதெல்லாம் அத்தை முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, உயிர்க்கோழியோடு வாசலில் நிற்கிறார்.

"பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை, அறுக்கலாங்களா?"

வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் சிரிப்பதில்லை. கோழியைக் கீழே விட்டுக் கொஞ்சம் நடக்கவிடச் சொல்கிறேன்.