விசிறி ராத்தாவின் முதல் மருந்து

ஆலங்குடாவில் காற்று இல்லாமல் போனாலும் போகும், விசிறி ராத்தாவின் கையில் விசிறி இல்லாமல் போகாது. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருவதே எங்கள் கடற்கரைக் காற்றுக்காகத்தான். இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேல் பறப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "காத்தே இல்லையே புள்ள" என்று பனையோலை விசிறியோடு திரிந்த ஒரே மனுஷி அவர்தான்.

எங்களுக்கு அடுத்த வளவு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அக்கா முறை. கணவர் ஹமீது மச்சான், கடற்கரையில் மீன் காயவைக்கிற கருவாட்டு வாடி வைத்திருந்தவர். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். இரண்டு பேருக்குமான கதையை ராத்தா ஒருவரே கதைத்து முடித்துவிடுவார்.

மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு ஒரு சூடு ஏறும். நெஞ்சில் தொடங்கி முகத்துக்கு வந்து, உச்சந்தலையால் வெளியே போகும். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் 'பிரஷர்' என்று சொல்லி மறைப்பார்கள். ராத்தாவுக்கு மறைக்கத் தெரியாது. ஒரு கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் சஹன் தட்டைச் சுற்றியிருந்து சோறு தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று ராத்தாவின் முகம் சிவந்தது. விசிறியை எடுத்து வீசினார் பாருங்கள், சஹனில் கிடந்த கஜுப் பருப்பு எழும்பிப் போய் மாப்பிள்ளையின் உம்மா மடியில் விழுந்தது. அந்த மனுஷி பதறிப்போய், என்ன வருத்தம் என்று கேட்டார்.

"வருத்தமில்ல. எனக்கு நிண்டுட்டு, அதான் சூடு. உங்களுக்கு இன்னும் நிக்கல்லியா?"

மாப்பிள்ளையின் உம்மா கோழி எலும்பை அப்படியே விழுங்கிவிட்டார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எலும்பைக் காணவில்லை என்பது மட்டும் உண்மை.

அதற்குப் பிறகு ராத்தா வைத்தியத்தில் இறங்கினார். பிளேன்டீயை நிறுத்தினார். போகிற வீட்டிலெல்லாம், "எனக்கு நெருப்ப ஊத்தித் தராதீங்க" என்று சொல்லி இளநீர் கேட்டார். கறியில் மிளகாய்த் தூளை நிறுத்தினார். மீன் ஆணம் கஞ்சி நிறத்துக்கு வந்தது. மச்சான் அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். எள்ளுருண்டை, உழுந்துக் களி, சோயா, காலையில் வல்லாரைக் கஞ்சி. எது ராத்தாவின் வாய்க்குள் போனாலும் மறுநாள் எங்கள் வாய்க்குள்ளும் வந்துவிடும். ஒன்றில் மட்டும் அவர் விளையாடவில்லை. நின்று ஒரு வருஷம் போன பிறகு திரும்பவும் இரத்தம் பட்டால், எள்ளையும் கஞ்சியையும் வைத்துவிட்டு டொக்டரிடம் ஓடு என்பார்.

கறுப்பு அபாயா சூட்டைக் கூட்டுகிறது என்று, மெல்லிய வெள்ளைப் பருத்தியில் ஒன்று தைத்துப் போட்டார். எங்கள் பக்கம் கணவன் மௌத்தானால் வீட்டுக்குள் அடைந்து இத்தா இருக்கும் பெண்தான் வெள்ளை உடுப்பாள். மச்சானுக்கு என்ன நடந்தது என்று ஆட்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மச்சான் கையில் மீன் கோவையோடு படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு எங்களைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப் போவார். நடந்து முடிந்ததும் எல்லோரும் சோளகக் காற்றைப் பார்த்துக் கைகளை விரித்து நிற்க வேண்டும். பட்டம் பழக்குகிற பெடியன் ஒருவன், நாங்களும் பழக வந்தோம் என்று நினைத்துக் கட்டணம் சொன்னான். சிலருக்குச் சூடு தணிந்தது, சிலருக்குத் தணியவில்லை. ஆனால் எல்லோருக்கும் நல்ல நித்திரை வந்தது.

அந்தக் கடற்கரையில் ஒரு நாள் ராத்தா என் காதுக்குள் சொன்னார். பக்கத்தில் ஆள் படுத்தால் அடுப்போடு படுத்த மாதிரி இருக்கிறதாம். அதனால் மச்சானை ஹோலில் படுக்கச் சொல்லிவிட்டாராம். "இந்த எள்ளு, கஞ்சியெல்லாம் எதுக்கு புள்ள? மனிசன திரும்ப உள்ள எடுக்கத்தான்."

காரணத்தை மச்சானிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். ஆம்பிளையிடம் கதைக்கிற கதையா இது என்று என்னையே ஏசினார்.

மச்சான் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனவர், ஏன் என்று கேட்கவில்லை. பின்னேரங்களில் தேசிக்காய் தேய்த்துக் குளிக்கத் தொடங்கினார். வாசனைச் சவர்க்காரம் போட்டார். அத்தர் பூசினார். அத்தர் மணத்துக்கு ராத்தாவுக்குச் சூடு இன்னும் ஏறும், கிட்ட வராதீங்க என்று விசிறியால் விரட்டுவார். பிறகு ஒரு நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாடியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தேங்காய் யாவாரம் தொடங்கினார். மனுஷனுக்கு வாடி அலுத்துவிட்டது என்றுதான் ராத்தாவும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

ராத்தாவின் சூடு மெல்லத் தணிந்து வந்தது. அந்த நேரத்தில்தான் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முதலே மௌத்து.

இத்தாவில் இருந்த ராத்தாவோடு ஒரு நாள் இருந்தேன். மச்சானை நானா என்று கூப்பிடும் அவருடைய தம்பி வந்திருந்தார். இத்தாப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பதால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கதைத்தார்.

"நானா வாடிய ஏன் தந்தாரு தெரியுமா மதினி? அவளுக்கு என்ட கருவாட்டு மணம் ஒத்துக்கொள்ளல்ல, எவ்வளவு குளிச்சும் போகுதில்ல எண்டு சொன்னாரு."

ராத்தாவின் கையில் விசிறி நின்றது. தம்பி போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊருல உள்ள பொம்புளைகள் எல்லாருக்கும் சொன்னன் புள்ள" என்றார். "அவருக்கு மட்டும் சொல்லல்ல."

அன்றிலிருந்து அவருடைய வைத்தியத்தில் வரிசை மாறியது. சூடு என்று எந்தப் பெண் போனாலும், "மனிசனிட்ட சொன்னியா? முதல்ல அத சொல்லிட்டு வா, பொறகு எள்ளு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

போன மாதம் என் முறையும் வந்தது. ஆணத்தைக் கிண்டிக்கொண்டு நின்றபோது நெஞ்சிலிருந்து சூடு கிளம்பியது. திருப்பி அனுப்புவார் என்று தெரிந்ததால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ராத்தாவிடம் போனேன். அறைக்குள் கூப்பிட்டார். ஜன்னல் கம்பியில் கட்டா மீன் கருவாடு ஒரு கோவை தொங்கியது. மதிலில் பூனைகள் வரிசையாக இருந்தன.

"கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்டும் சொல்லல்ல ராத்தா. ஃபேன என்ட பக்கம் திருப்பி முழுசா கூட்டி வச்சிட்டு, குளிருக்கு அவரு பனியனுக்கு மேல சேட்டு போட்டுக்கிட்டாரு."

ராத்தா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "மணக்குதா புள்ள?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா."

"நல்லா மணக்கட்டும்."

கருவாட்டு மணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அன்றைக்கு மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த விசிறியை வாங்கி, என் சூட்டையும் மறந்து அவருக்கு வீசிக்கொண்டே இருந்தேன்.