சிரிக்க விடாத போட்டோக்காரர்

எங்கள் உம்மண்ணனைப் போலப் பயந்த மனிதரைச் சித்தூரில் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. பார்ப்பதற்குள் உங்களைப் பார்த்துப் பயந்து ஓடிப்போயிருப்பார். ஒருமுறை திருப்பதி பஸ்ஸில் டிரைவர் கண்டக்டரோடு சிரித்துப் பேசினான் என்று பாகாலாவில் இறங்கி, மீதித் தூரத்துக்கு ரயிலுக்குக் காத்திருந்த ஆள் அவர்.

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருந்த கல்யாண போட்டோக்காரர். கேமரா பிடித்தால் கை கல்லு மாதிரி நிற்கும். பக்கத்தில் வேட்டு வெடித்தாலும் படம் ஆடாது. ஆனால் அவர் கேமரா முன்னால் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. "உம்முனு இரு!" என்று அதட்டுவார். பெயர் வந்த கதை அதுதான். அவர் எடுத்த முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் மேடையில் நின்று சிரிக்க, பலகை முறிந்து அத்தனை பேரும் கீழே போனார்களாம். எல்லாம் திருஷ்டி என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து கேமரா வாரில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது.

என் தங்கை கவிதா கல்யாணத்துக்கும் அவர்தான். மாப்பிள்ளை சுரேஷுக்குக் கனடாவில் வேலை. லீவு முடிவதற்குள் தாலி கட்டிவிட்டு ஓட வேண்டும். அந்த அவசரத்திலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். உம்மண்ணன் விடுவாரா?

"ஏம்பா நைனா, ஊரு கண்ணு மொத்தமும் உம்மேலதான் கீது. இன்னாத்துக்குப் பல்லக் காட்டிக்கினு நிக்கிறே?"

செல்போனில் படம் எடுக்க வந்த உறவுக்காரர்களையும் விரட்டிவிட்டார். ஆல்பம் வந்தபோது பார்த்தால், எல்லோரும் கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கவிதா புருஷனோடு போய்ச் சேர விண்ணப்பம் போட்டபோது அந்தப் படங்களைத்தான் வைத்தோம்.

சில மாதம் கழித்துக் கனடா விசா ஆபீசிலிருந்து மெயில் வந்தது. படங்களில் மணமக்கள் முகத்திலோ உறவினர் முகத்திலோ மகிழ்ச்சியே தெரியவில்லையாம். குடியேறுவதற்காகச் செய்த பெயரளவுக் கல்யாணமோ என்று சந்தேகமாம். கெடுவுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படலாம் என்று முடித்திருந்தார்கள்.

"கல்யாணமே பொய்யின்னு சொல்றானா?" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கவிதா சோறு தின்னவில்லை. தாலியைக் கையில் பிடித்தபடி, "அவரு தனியா கீறாருண்ணா. என்னிய விடவே மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

விசா விஷயம் பார்ப்பவர் ஒருவரைத் தேடித் திருப்பதிக்கு ஓடினேன். "ஃபோன் பேசினதெல்லாம் காட்டலாம் சார். ஆனா படத்துக்கு இன்னா சொல்லுவீங்க? இதுல யாரு சந்தோஷமா கீறாங்க, நீங்களே பாருங்க, மீரே சூடண்டி!" என்று ஆல்பத்தை என் பக்கமே திருப்பினார்.

திரும்பி வந்த வேகத்தில் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்க் கத்தினேன். உம்மண்ணன் முகம் வெளுத்துப்போய் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

"கனடா போலீஸ் என்னியப் புடிச்சிக்கினு போவாங்களா தம்பி? எனக்கு அந்தூரு ஜெயில் சோறு ஒத்துக்காது!"

இந்த ஆளிடம் போய் வந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் நின்றார். கை நிறையக் கல்யாண ஆல்பங்கள். வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு கேட்டு வாங்கியிருக்கிறார்.

"தெருவுல அத்தினி கல்யாணமும் நான் எடுத்ததுதான். எல்லாரும் உம்முனுதான் கீறாங்க. எல்லாரும் நல்லாதான் குடும்பம் நடத்திக்கினு கீறாங்க. இத்தக் காட்டு தம்பி."

அட, இது எனக்குத் தோன்றவில்லையே! அந்தத் தம்பதிகளை எல்லாம் இப்போது சிரிக்கச் சொல்லி என் செல்போனில் எடுத்து, பழைய படத்தோடு ஜோடி சேர்த்தோம். எடுத்து முடிக்கும்வரை உம்மண்ணன் வெளியே திரும்பி நின்று எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

'யாரையும் சிரிக்க விடாதது நான்தான், அந்தப் பெண் மேல் தப்பில்லை' என்று அவர் எழுதித் தரவேண்டியிருந்தது. கூரியர் வந்தால் கையெழுத்துப் போடப் பயந்து பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிற மனிதர். நோட்டரி ஆபீசுக்கு ஒரு பையோடு வந்தார்.

"இன்னாண்ணா பையி?"

"ரெண்டு லுங்கி, ஒரு துண்டு. கையெழுத்துப் போட்டதும் இட்டுக்கினு பூட்டாங்கன்னா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உதடு உலர்ந்து, வேர்த்து ஊற்ற, அதை நம்பிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்புறம் காத்திருந்தோமே, அந்தப் பயத்தைச் சொல்லி மாளாது. ஃபோன் மணி அடித்தாலே அம்மா சாமி அறைக்குள் போய்விடுவாள். உம்மண்ணனின் பை ஸ்டூடியோ ஆணியில் தொங்கியபடியே இருந்தது. ஒருவழியாக விசா வந்த அன்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எம்மேல ஏதாச்சும் எழுதிக்கீறாங்களா?"

கவிதா கிளம்பிய மதியம், சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் வாசலில் நின்றது. உம்மண்ணன் கேமராவோடு வந்தார். வாரில் எலுமிச்சம்பழம் இல்லை. அவளைக் கார் பக்கத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னார்:

"சிரிம்மா."

கவிதா அவர் முகத்தைப் பார்த்தாள். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"சரி சரி, அழு. அழுவற மூஞ்சிக்குத் திருஷ்டி இல்ல. பத்திரமா போய்ச் சேருவே" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டார்.

அந்தப் படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உம்மண்ணன் எடுத்ததில் ஆடிப்போன படம் அது ஒன்றுதான்.