ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருளி வேண்டும்

ராசிங்காபுரம்,
27-10-1982

போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து நல்ல பெயர் எடுத்துவரும் மாப்பிள்ளை ஒச்சப்பன் அவர்களின் சமுகத்துக்கு, ராசிங்காபுரம் கால்பந்துக் கழகச் செயலாளரும் தங்கள் மைத்துனனுமாகிய கோட்டைச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மாயக்காள், மகள் பொன்னுமணி, இரண்டு பசுமாடு, போன மாதம் ஒட்டுப்போட்ட பந்து, யாவரும் நலம். அங்கே தாங்களும் என் தங்கச்சி கருத்தம்மாளும் குளிரைத் தாங்கிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மாயக்காள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

சுகம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஜீப் டிரைவர் சின்னச்சாமியிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. அதில் இருப்பதே இரண்டு வரி. 'சுருளி இப்போதைக்கு அங்கே வரமாட்டான். வந்தால் நன்றாக இருக்காது.' மாப்பிள்ளை, இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடியில் சுழற்கோப்பைக்கு இறுதி ஆட்டம். இந்தத் தடவையும் கோப்பை வரவில்லை என்றால் கழகத்தைக் கலைத்துவிட்டு மைதானத்தில் கடலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. விதைக்கடலையைக்கூட உடைத்து வைத்துவிட்டார்கள். இந்த நேரம் பார்த்துக் கோல் போடுகிற ஒரே ஆளைத் தாங்கள் மலையில் பிடித்து வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன். கழகம் எப்படிப் பாடுபட்டு இந்த நிலைக்கு வந்தது என்று தெரியாததால்தான் இப்படி எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

எல்லாம் கபடியில் தோற்றதால் வந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் வரைக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் நம் ஆட்களைக் கோழி அமுக்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் நான்தான் எழுந்து, "அவிங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டத்த ஆடுனா அவிங்கதான ஜெயிப்பாய்ங்க. அவிங்களுக்குத் தெரியாத ஒண்ண ஆடுவோம்" என்றேன். கூட்டமே கைதட்டியது. மதுரைக்கு ஆள் அனுப்பிக் கால்பந்து வாங்கினோம். வாங்கி வந்த பிறகுதான் அந்த ஆட்டம் நமக்கும் தெரியாது என்பது தெரிந்தது. இருந்தாலும் ஊர்ப் பொது நிலத்தில் முள்ளை வெட்டி, நாலு மூங்கில் நட்டு, கழகத்தை ஆரம்பித்தோம். முதல் இரண்டு வருஷம் கழகம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. எதிர்த்து ஆட ஒருத்தரும் வராததும் அதற்கு ஒரு காரணம்.

எழுபத்துமூன்றில் போடியிலிருந்து ஒரு கழகம் ஆட வந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததுமே நம் கோல்கீப்பர் அமாவாசை கோல்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் உடனே ஒரு யோசனை செய்தேன். ஆட்டத்துக்கு முந்தியே வந்தவர்களுக்குக் கிடாய்க்கறிச் சோறு போட்டு ஆளை மந்தமாக்கிவிடுவது என்று. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் விருந்தாளியைப் பந்தியில் தனியாக உட்காரவைத்துவிட்டு நாம் நின்று வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் மரியாதை. நம் ஆட்களும் கூட உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் கூச்சப்பட்டுக் கொறித்தார்கள். அவர்கள் கூச்சத்தைப் போக்குவதற்காக நம் ஆட்கள் மறுசோறு வாங்கி, அதற்கும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுக் காட்டினார்கள். ஆட்டம் ஆரம்பித்து இடைவேளை வருவதற்குள் அமாவாசை கோல்கம்பத்தில் சாய்ந்து குறட்டை விட்டான். பதினொன்றுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது கோலைப் பாவம் பார்த்து ரெஃப்ரி சேர்க்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்திருந்த தாங்கள்தான், "மச்சான், எங்க தோட்டத்து லயத்துல குடியிருக்கிற பயலுக நல்லா உதைப்பாய்ங்க, கூப்புட்டுக்கங்க" என்று சொன்னீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் கழகம் கூலிக்கு ஆட்டக்காரர் வைத்துக்கொண்ட சரித்திரமே தங்கள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆட வந்தால் ஆளுக்கு ஒரு மரக்கால் அரிசி, ஒரு துண்டு, மதியம் கறிச்சோறு. ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்குகிற ஜீப்பில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்துவிடுவார்கள். வேர்த்தால்கூடப் பாயசம் மாதிரி மணப்பார்கள். இதில் ஒரே குறை, காய் எடுக்கிற காலத்தில் நம் கழகம் புலி, கோடையில் மூட்டை இல்லை, மூட்டை இல்லாததால் ஜீப் இல்லை, ஜீப் இல்லாததால் கழகமும் இல்லை. எதிராளிகள் இதைக் கண்டுபிடித்துவிட்டு ஆட்டத்தைச் சித்திரையில் வைக்கச் சொல்லி நச்சரிப்பார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மலையில் அவர்கள் ஆடிப் பழகிய இடம் சரிவு. மேல் கோலுக்கு என்றால் உயிரைக் கொடுத்து உதைக்க வேண்டும், கீழ் கோலுக்கு என்றால் தொட்டால் போதும், தவறினால் பந்து ஓடையில் விழுந்து மலையாளத்துப் பக்கம் இறங்கிவிடும். அப்படிப்பட்ட கால்களைச் சமதரையில் விட்டால், ஒன்று பந்து கோல்கம்பத்துக்கு மேலே போய்ப் புளியமரத்தில் உட்கார்ந்தது, இல்லையென்றால் காலடியைவிட்டு நகரமாட்டேன் என்றது. காலை மாற்ற முடியாது, மைதானத்தை மாற்றலாம் என்று நான் சொன்னேன். வெள்ளாமை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு சோலியா. நாலு ஏர் பூட்டி, வண்டி வண்டியாக மண் கொட்டி, பரம்படித்து, வடக்குக் கோலை உயர்த்தித் தெற்குக் கோலைத் தாழ்த்தினோம். வாய்க்காலைத் திறந்துவிட்டுச் சரிபார்த்தோம். தண்ணீர் வடக்கேயிருந்து நேராக ஓடித் தெற்குக் கோலுக்குள் போய் நின்றது. "எடவேளைக்குப் பெறகு பக்கம் மாத்துவாய்ங்களே, அப்ப நாமளும் மேட்டுல ஏறணுமேப்பா" என்று அமாவாசை ஒருத்தன்தான் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தினமும் மூட்டை சுமந்து மலை ஏறுகிற பையன்களுக்கு அது ஒரு மேடா. எதிராளிக்குத்தான் நாக்குத் தள்ளியது. சொந்த மண்ணில் நம்மை ஒருத்தனும் அசைக்க முடியவில்லை.

அதற்கும் ஒருநாள் வந்தது வினை. தேனியிலிருந்து வந்த புது ரெஃப்ரி பந்தை நடுவில் வைத்துவிட்டு விசிலை வேட்டியில் துடைத்தார். துடைத்து வாயில் வைப்பதற்குள் பந்து தானாகப் புறப்பட்டுத் தெற்குக் கோலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. "யாருப்பா உதைச்சது" என்றார். "யாரும் உதைக்கலைங்கய்யா, அதுக்கு அது பழக்கம்" என்றான் அமாவாசை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன. அதோடு, இனி இறுதி ஆட்டம் எல்லாம் போடி மைதானத்தில்தான் என்று போட்டி நடத்துகிறவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். அது கேரம்போர்டு மாதிரி சமதரை. அங்கே ஆடிய இறுதி ஆட்டம் எல்லாவற்றிலும் தோற்றோம். எண்பதாம் வருஷம் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. நம் மலைப் பையன் மேட்டுக்கு உதைக்கிற பழக்கத்தில் ஒரு உதை உதைத்தான். பந்து மதிலைத் தாண்டி, மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ரயிலின் கூரையில் விழுந்து, அப்படியே போய்விட்டது. நம் கழகத்துப் பந்து. உசிலம்பட்டியில் இறங்கியதாகக் கேள்வி.

இந்த இருட்டில் விளக்கு மாதிரி வந்தவன்தான் தங்கள் அண்ணன் மகன் சுருளி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாங்கள் வளர்த்த அழகு அவன் நடையிலேயே தெரிகிறது. போன வருஷம் தோற்றதும் மற்ற பையன்கள் அரிசியை வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்கள். சுருளி மட்டும் தலையைக் குனிந்தபடி என்னிடம் வந்து, "மாமா, சமதரையில பழகுனாத்தான் சரிப்படும். ஒங்க வீட்டுக் களத்துல பழகிக்கிறட்டா" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழகத்தின் மேல் இத்தனை பற்று வைத்த பிள்ளையை நான் கண்டதில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் இறங்கி வந்து பழகினான். பந்து கிணற்றுப் பக்கம் போகும், அங்கே பொன்னுமணி தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள், எடுத்துப் போடுவாள். சமதரையில் பந்து எப்படிக் கிணற்றுப் பக்கமே போகிறது என்று எனக்கும் ஆச்சரியம்தான். களம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ என்று தண்ணீர் ஊற்றிக்கூடப் பார்த்தேன், சாயவில்லை. ஒருநாள் பந்தே இல்லாமல் கிணற்றோரம் நின்று பழகிக்கொண்டிருந்தான். கேட்டால், "காலு மட்டும் பழகுது மாமா" என்கிறான். அப்படி ஒரு உழைப்பு. இந்த வருஷம் சமதரையில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் போட்டது அவன்தான். பொன்னுமணிக்குக்கூட இப்போது ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியும். செயலாளராகிய எனக்கே இன்னும் தெரியாது.

இப்பேர்ப்பட்ட பிள்ளை வந்தால் நன்றாக இருக்காது என்று எழுதினால் என்ன அர்த்தம். நானும் மாயக்காளும் உட்கார்ந்து யோசித்தோம். நான்தான் யோசித்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உளுந்து புடைத்தாள். வைகாசித் திருவிழாவுக்குத் தாங்கள் வந்தபோது இலையில் எலும்பாக விழுந்துவிட்டதே, அந்தக் கோபமா. ஊர்வலத்தில் தங்களுக்குப் போட வேண்டிய மாலையைக் கிடாய்க்குப் போட்டுவிட்டார்களே, அந்தக் கோபமா. அது தப்புதான், கிடாய் முன்னால் நின்றுவிட்டது. இல்லை, சுருளிக்குக் கொடுத்த துண்டு சாயம் போய்விட்டதா. எதுவானாலும் வாயத் தொறந்து சொல்லுங்க மாப்ளே, கால்ல விழணும்னாலும் விழுறேன். ஊருக்குள்ள என்னைய மனுசனா மதிக்கிறதே இந்தக் கழகத்தாலதான். செயலாளரு வர்றாருன்னு டீக்கடையில எந்திரிச்சு எடம் விடுறாய்ங்க. நாளைக்கு மைதானத்துல கடலை மொளைச்சுச்சுன்னா எவன் எந்திரிப்பான். மூட்டை மேல எடம் இல்லாட்டி டிரைவர் மடியிலயாவது ஏத்தி, ஞாயித்துக்கெழம விடியக்காலம் சுருளிய வெரசா அனுப்பி வைங்க. அவன் எனக்குப் பெத்த பிள்ளை மாதிரி.

தங்கள் தோட்டத்தில் காய் கொத்துக் கொத்தாக இறங்கவும், அட்டை கடிக்காமல், சளி பிடிக்காமல், ஜீப் வளைவில் சறுக்காமல் தாங்களும் தங்கச்சியும் தீர்க்காயுசாக இருக்கவும் நம் குலசாமியை வேண்டுகிறேன்.

இப்படிக்குத் தங்கள் பதிலையும் சுருளியையும் எதிர்பார்க்கும்,
கோட்டைச்சாமி,
செயலாளர்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அங்கே என் தங்கச்சி கருத்தம்மாள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கழகத்துச் சரித்திரம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஏலக்காய் ஜீப்பில் வந்து இறங்கிப் பின்வாசலில் நுழைந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு தட்டு. தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, மல்லிகைப்பூ. "சுருளிக்குப் பொன்னுமணியக் கேட்டு வந்திருக்கேண்ணே. தட்டு எடுத்த பெறகு பூ வெக்கிற வரைக்கும் மாப்பிள்ளப் பய பொண்ணு வீட்டாளுக கண்ணுல படக்கூடாதுல்ல. அதான் அவுக, வந்தா நல்லாருக்காதுன்னு எழுதிவிட்டாக" என்கிறாள். ஆவணியிலிருந்தே இவர்களுக்குள் பேச்சு நடக்கிறதாம். மாயக்காளுக்குத் தெரியும், பொன்னுமணிக்குத் தெரியும், டிரைவர் சின்னச்சாமிக்குத் தெரியும். என்னிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி என்று விட்டுவிட்டார்களாம்.

சந்தோஷத்தில் தங்கச்சியின் காப்பியை நானே வாங்கிக் குடித்துவிட்டேன். அவனைவிட நல்ல பிள்ளை என் மகளுக்கு எங்கே கிடைப்பான். மறு நிமிஷம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. தட்டைக் கையில் வாங்கிவிட்டால் அவன் வீட்டு மாப்பிள்ளை. வீட்டு மாப்பிள்ளையை அரை டிரவுசரோடு வெயிலில் ஓடவிட்டு, நான் கோட்டோரம் நின்று "ஓடுறா, ஓடுறா" என்று கத்த முடியுமா. "ஓடுங்க மாப்பிள்ளை" என்று சொன்னால் எவன் ஓடுவான். நம் பையன்களே அவனுக்குப் பந்தைக் கொடுக்காமல் நாற்காலி கொடுப்பார்கள். ஆகவே ஒரு முடிவு செய்தேன். தங்கச்சி வந்ததை நான் பார்க்கவில்லை. நெல் குலுக்கைக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்ட தட்டையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி விசில் ஊதுகிற வரைக்கும் சுருளி நம் கழகத்தின் கூலி ஆட்டக்காரன். ஊதி முடித்ததும், தோற்றாலும் ஜெயித்தாலும், அங்கேயே மைதானத்தில் வைத்துத் தட்டை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தங்கச்சிக்கும் சம்மதம், மாயக்காளுக்கும் சம்மதம்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் நின்ற பொன்னுமணி வாயைத் திறந்தாள். "அதென்ன அப்பு, தோத்தாலும் ஜெயிச்சாலும்? அத்தை, மலைக்குப் போயி அவருகிட்டச் சொல்லிருங்க. கோப்பையோட வந்தாத்தான் நான் பூ வெச்சுக்கிருவேன். இல்லாட்டி ஞாயித்துக்கெழமயே கடலை வெதைக்கப் போயிருவேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், என்னால் மாற்ற முடியாது. ஆகவே மாப்பிள்ளை, நான் இனி தங்களிடம் கெஞ்சப் போவதில்லை. அவள் சொன்னதை மட்டும் அவன் காதில் போட்டுவிடுங்கள். ஜீப்பில் இடம் இல்லாவிட்டாலும் ஓடியே இறங்கி வந்துவிடுவான்.