மாடி அறைப் பாட்டில் கை வைத்த மூவர்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமாவுக்கு,

வணக்கம். வெளியூரில் நீங்களும், நீங்கள் பழுது பார்க்கப் போன அரங்கத்தின் ஒலிபெருக்கிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா, அப்பா, அத்தை மூவரும் நலம். மூவர் மீதும் எனக்குச் சந்தேகம்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் அந்த மூவரும் இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடாதீர்கள், ஆதாரமாக வைத்திருங்கள்.

நீங்கள் கிளம்பிய அன்று மாடி அறைச் சாவியை என் கையில் கொடுத்து, “இந்த வீட்டுல எழுதி வெச்சத அப்படியே செய்யற ஒரே ஆளு நீதான், அகராதி. என் பாட்ட யாரும் தொடாமப் பாத்துக்கோ. தினம் ஒரு தடவ போட்டுப் பாரு, போதும்” என்றீர்கள். நீங்கள் கணினியில் அடுக்கும் அந்த டிரான்ஸ் மின்னிசைப் பாட்டு எட்டு மாதமாக ‘டும் டும் டும் டும்’ என்ற கிக் மேள ஓசையைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி அதை வானொலி நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். இந்த முறையும் முடியாவிட்டால் கருவிகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிடுவதாக அம்மாவிடம் நீங்கள் சொன்னதும் தெரியும் (கதவுக்குப் பின்னால் நின்றேன், மன்னிக்கவும்). ஆகவே சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து பாட்டைப் போட்டேன். ‘டும்’முக்கும் ‘டும்’முக்கும் நடுவே யாரோ கனமாக முனகினார்கள். முதலில் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு திரையைப் பார்த்தால் கிக் கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு! போன விடுமுறையில் நீங்கள் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, “அடியில கனத்த குரல்ல பேஸ், நடுவுல மூணு சுரம் சேந்து நிக்கற கார்ட், உச்சியில அதே சுரங்கள ஒவ்வொண்ணா ஓட விடற ஆர்பெஜியோ. ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாய மூடணும், அவ்வளவுதான் டிரான்ஸ்” என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? அந்த விதியை நம் வீட்டில் ஒருவரும் மதிப்பதில்லை என்பதால் நான் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பார்த்தேன். வந்திருப்பது பேஸ்.

பூட்டு உடையவில்லை. கீறல்கூட இல்லை. பூட்டை உடைக்காமல் திறக்கக்கூடியவர் இந்த வீட்டில் ஒருவர்தான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் சாவியில்லாமலே கதவைத் திறந்து ஆளை வெளியே எடுப்பதுதான் அப்பாவின் வேலை. கதவின் கைப்பிடியில் கிரீஸ் கறையும் இருந்தது. போய்க் கேட்டேன். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். தலைகீழாக.

“அப்பா, பேப்பர் தலைகீழா இருக்கு.”

“விளம்பரம் பாக்கறேம்மா.”

“பேஸ் போட்டது நீங்கதானே?”

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது. “உங்க மாமா பாட்டு என் தலைக்கு மேல எட்டு மாசமா தனியா ஓடுது. எதிர் எடையே இல்லாம லிஃப்ட் ஓடினா எனக்குத் தூக்கம் வருமா? ஒண்ணு ஏறும்போது ஒண்ணு எறங்கணும். அதான், டும்முக்கு நடுவுல எறக்கி விட்டேன். கேக்க நல்லாத்தானே இருக்கு?”

நல்லாத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பெரிய கவலை. ஆனால் காவல்காரி ரசிக்கக் கூடாது என்பதால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

வாயால் ஒப்புக்கொண்டால் போதாது, ஆதாரம் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை துப்பறியும் சாமான்களோடு மாடிக்குப் போனேன். கைரேகை எடுக்கச் சிறிய பவுடர் டப்பா, ஒட்டி எடுக்கப் பசை பாட்டில், நிமிர்த்தி வைக்கும் டார்ச் விளக்கு. மேசையெல்லாம் உங்கள் ஒயர்கள், இடமே இல்லை. மூன்றையும் கீபோர்டின் மேலேயே ஒழுங்காக வைத்தேன். பாட்டின் நீளம் கூடியிருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் காட்டிய முக்கோணப் பொத்தானையும் அதன் பக்கத்திலிருக்கும் சிவப்பு வட்டத்தையும் அழுத்தினேன் (சிவப்பை அழுத்தினால் கடிகாரம் சிவப்பாகி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது). ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாமான்களை ஒவ்வொரு கட்டையாகத் தள்ளி வைத்தபடி பவுடர் தூவிச் சோதித்தேன். என் ரேகையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. குற்றவாளி கையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை போட்டுப் பார்த்தால், மாமா, நடுவில் கார்ட்! மூன்று சுரங்கள் தோள்மேல் கைபோட்டு நிற்பதுபோல நீளமாக, அசையாமல் நிற்கின்றன. பிறகு மூன்றும் சேர்ந்து ஒரு படி நகர்கின்றன, மறுபடி நிற்கின்றன. இரண்டு முறை கேட்டேன். கடமைக்காக ஒரு முறை, சும்மா ஒரு முறை.

வியாழக்கிழமை உச்சியில் ஆர்பெஜியோ. இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று சுரங்களையும் உடைத்து ஒன்றன்பின் ஒன்றாக, தடதடவென்று, ஒரு பிழைகூட இல்லாமல் ஓட்டியிருந்தார்கள். பதினாறு சுரத்துக்கு ஒரு முறை கண்ணிமைக்கும் நேரம் ஒரு நிறுத்தம். முப்பது வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர்தான் வரி முடிந்ததும் அப்படி நிறுத்துவார். அத்தை மறுக்கவே இல்லை.

“ஒங்கப்பன் நேத்தும் போய்க் கேட்டுட்டு, கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்டி. உள்ள போனா, மூணும் ஒண்ணா உக்காந்து பெருமூச்சு விட்டுக்கிட்டு இருந்துது. வரிசையா எழுப்பி ஓட விட்டேன். பத்து விரலும் சும்மா இருந்து பதினோரு வருஷமாச்சு, தெரியுமா?”

“அத்தே, அது மாமாவோட பாட்டு!”

“நான் எங்கடி என் பாட்டுன்னு சொன்னேன்?”

ஆக, பேஸ் அப்பா, ஆர்பெஜியோ அத்தை. நடுவில் இருக்கும் கார்ட் யார் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. மிச்சம் இருப்பவர் அம்மா. பாட்டு பரணுக்குப் போய்விடக் கூடாதே என்று அதிகம் கவலைப்பட்டவரும் அம்மா, உங்கள் அக்கா. மாற்றுச் சாவி அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் வில்லை பொருத்துகிறவரால் கை நடுங்காமல் கட்டையை அமுக்கிப் பிடிக்க முடியும். எல்லாம் பொருந்தியது. கேட்டேன்.

“நான் தொடவே இல்ல.”

“அப்பாவும் அத்தையும் ஒத்துக்கிட்டாங்கம்மா. நீங்களும் ஒத்துக்கிட்டா சுலபமா முடிஞ்சிரும்.”

“செய்யாதத எப்படிடி ஒத்துக்கறது?”

“செஞ்சவங்கதான் இப்படிச் சொல்லுவாங்க.”

அம்மா எழுந்து போய்விட்டார். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது, சத்தமில்லாமல். இதுவும் குற்ற உணர்வின் அடையாளம்தான் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்த சாவியைக் காப்பாற்றினேனே தவிர, பாட்டைக் காப்பாற்றவில்லை, மாமா. தலை குனிந்து ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் விட்டுப்போன பழைய பிரதியை நான் முதல் நாளே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் ‘சரி’ என்று ஒரு வரி எழுதினால் மூன்று அடுக்கையும் துடைத்துவிட்டு, அந்த ‘டும் டும்’மை மட்டும் பழையபடி வைத்துவிடுகிறேன். உங்கள் பாட்டு உங்கள் பாட்டாகவே இருக்கும். பரணுக்குப் போனாலும் உங்கள் பாட்டாகவே போகும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். அப்பாவும் அத்தையும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். எந்த நோக்கத்தோடு கேட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

என்றும் உங்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்ட,
அகராதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை பாட்டிலை எடுக்க மாடிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை சோதனை முடிந்து நகர்த்தி வைத்த மூன்று சாமானும் கீபோர்டின் ஓரத்திலேயே இருந்தன. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், எதையும் சம இடைவெளி விட்டுத்தான் வைப்பேன். அன்று பவுடர் டப்பாவை வைத்தது ஒரு வெள்ளைக் கட்டையில். ஒன்று விட்டு அடுத்ததில் பசை பாட்டில். ஒன்று விட்டு அடுத்ததில் டார்ச். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அன்று வைத்த இடத்தில் மூன்றையும் மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே கார்ட். ரேகை தேடும்போது செய்ததுபோல மூன்றையும் ஒரு கட்டை தள்ளி வைத்தேன். அதே நகர்வு. சிவப்பு வட்டம் எதற்கு என்று உங்கள் கருவியின் கையேட்டில் இப்போதுதான் படித்தேன். அது பதிவு செய்வதற்காம். கையேட்டை முதலிலேயே படிக்காமல் விட்டது என் வாழ்நாளில் இந்த ஒரு முறைதான்.

கீழே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போய் ஹெட்போனைக் காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, “எல்லாரும் போட்டுட்டீங்க. எனக்கு எங்கடி எடம் விட்டிருக்கீங்க?” என்றார்.

ஆகவே மேலே துடைப்பது பற்றி நான் எழுதியதைத் துடைத்துவிட்டுப் படிக்கவும். ‘சரி’ என்று எழுத வேண்டாம். சாவி அம்மாவிடம் இருக்கிறது; அம்மா மாடியில் இருக்கிறார்; கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.